ஒரே காசு, ஊருக்கு ஊர் வேறு கஷ்டம்

கொக்குவிலில் பெரியம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பிஸ்கட் தகரம் அகப்பட்டது. உள்ளே காணி உறுதியின் பிரதி ஒன்று, மீட்டு முடிந்த இரண்டு அடைவுச் சிட்டைகள், சோடி தொலைந்த ஒரு தோட்டின் சுரை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விமானத் தபால் உறை. உறைக்குள் இரண்டு வெளிநாட்டுத் தாள்கள் இருந்தன. ஒன்று நீல நிற நூறு மார்க். அதில் பியானோக் கலைஞர் கிளாரா சூமனின் முகம். மற்றது இருநூறு பிராங். அதில் பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஈபிளின் படம். 1998இல் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் சந்தித்தபோது ஜேர்மனியிலிருந்து வந்த மகனும் பிரான்ஸிலிருந்து வந்த மருமகனும் ஆளுக்கொன்றாகக் கையில் வைத்தவை. அந்தர ஆபத்துக்கு உதவும் என்று பெரியம்மா பத்திரப்படுத்தியிருந்தார்.

“தம்பி, இது இப்போது காசா, கடதாசியா?” என்று கேட்டார்.

ஒன்று காசு, மற்றது கடதாசி. நூறு மார்க்கை இன்றைக்கும் ஜேர்மன் மத்திய வங்கியிடம் கொடுத்தால் 51 யூரோ 13 சதம் கிடைக்கும். அதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை. இருநூறு பிராங்கின் பெறுமதி 30 யூரோ 49 சதம். ஆனால் பிரான்ஸ் அதை மாற்றிக் கொடுத்த கடைசி நாள் 2012 பெப்ரவரி 17. காசுத் தாள் என்பது ஓர் அரசு எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. அந்த நாளுக்குப் பிறகு ஈபிளின் தாளுக்குக் கடனாளி யாரும் இல்லை.

இதை ஒரு தகரத்தின் கதையாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 2022இல் ரூபாய் சரிந்த நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் பஸ்ஸிலும் சந்தையிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஐரோப்பாவில் இருபது நாடுகள் ஒரே காசை வைத்துக்கொண்டு நன்றாகத்தானே இருக்கின்றன, நாமும் இந்திய ரூபாயோடு சேர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இராதே என்பதுதான் அந்தப் பேச்சு. ஆசை விளங்குகிறது. ஆனால் ஒரு நாடு தன் நாணயத்தை விட்டுப் பொது நாணயத்துக்கு மாறும்போது எது கைக்கு வருகிறது, எது கைவிட்டுப் போகிறது என்று பாராமல் ஆசைப்படக் கூடாது. இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவர் வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. பிறந்த நாளிலிருந்து நாம் ஒரு பொது நாணயத்தின் ஓரத்தில்தான் வாழ்கிறோம். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

பூட்டப்பட்ட வீதம்

யூரோ 2002 ஜனவரி முதலாம் திகதி விடிந்தபோது வந்தது என்றுதான் பலருக்கு ஞாபகம். உண்மையில் அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே, 1992 பெப்ரவரியில், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. சேர விரும்பும் நாட்டுக்குச் சாதகம் பார்ப்பதுபோல நிபந்தனைகள் வைத்தார்கள். வரவு செலவுப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரசின் கடன் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அதை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். பணவீக்கம், மிகக் குறைந்த பணவீக்கம் உள்ள மூன்று நாடுகளின் அளவிலிருந்து ஒன்றரைப் புள்ளிக்கு மேல் விலகக் கூடாது. பொருத்தம் பார்த்தார்களே தவிர, பொருந்தாத இடங்களில் கண்ணை மூடிக்கொண்டார்கள். இத்தாலியின் கடனும் பெல்ஜியத்தின் கடனும் 100 சதவீதத்துக்கு மேல் இருந்தும் இரண்டும் முதல் வரிசையிலேயே சேர்க்கப்பட்டன. 2001இல் சேர்ந்த கிரேக்கம் காட்டிய கணக்குகள் பிற்பாடு திருத்தி எழுதப்பட்டன.

மாற்றத்தின் உயிர்நாடியான நாள் 1998 டிசம்பர் 31. அன்றுதான் 11 நாடுகளின் நாணயங்களுக்கும் யூரோவுக்கும் இடையிலான வீதம் திரும்பத் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், 6.55957 பிராங், 1936.27 லிரா. இந்த எண்கள் ஏன் இவ்வளவு கோணல்? அதற்கு முன் ஐரோப்பாவில் ‘எக்யூ’ என்ற கணக்கு அலகு ஒன்று இருந்தது. பல நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையில் போட்டு எடுத்த பெறுமதி அது. ஒரு எக்யூ ஒரு யூரோவாக மாறும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அன்றைய சந்தை வீதம் எப்படி இருந்ததோ அப்படியே பூட்ட வேண்டியிருந்தது. ஆறு இலக்கங்களில் ஒன்றையும் சுருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். பாரிஸில் 3,000 பிராங் வாடகை கொடுத்தவர் 6.55957 ஆல் வகுத்தால் 457 யூரோ 35 சதம் வரும். 6.56 என்று சுருக்கினால் மூன்று சதம் குறையும். ஒரு வீட்டு வாடகையில் மூன்று சதம் பெரிதல்ல. ஒரு வங்கியின் முழுக் கணக்கிலும் அதே சுருக்கலைச் செய்தால் அது யாரோ ஒருவருடைய சொத்து.

அதன் பிறகு மூன்று வருடங்கள் யூரோ கண்ணுக்குத் தெரியாத காசாக இருந்தது. வங்கிக் கணக்கிலும் பங்குச் சந்தையிலும் யூரோ, கையில் மார்க்கும் பிராங்கும். சட்டப்படி பார்த்தால் அந்த மார்க்கும் பிராங்கும்கூட யூரோவின் சில்லறைகள்தான். பெரியம்மாவின் கையில் அந்தத் தாள்கள் வந்து சேர்ந்த ஆண்டின் கடைசி நாளிலேயே அவற்றின் விதி எழுதப்பட்டுவிட்டது. கொக்குவிலில் யாருக்கும் தெரியாது.

2001 டிசம்பர் நடுப்பகுதியில் சனங்கள் கைபழகட்டும் என்று நாணயக் குற்றிகளைச் சிறு பைகளில் போட்டு விற்றார்கள். பிரான்ஸில் 100 பிராங்குக்கு 40 குற்றிகள், ஜேர்மனியில் 20 மார்க்குக்கு 20 குற்றிகள். பிறகு ஜனவரி வந்தது. அப்போது பாரிஸில் ஓர் உணவகத்தில் காசு மேசையில் நின்ற மைத்துனர் ஒருவர் எனக்குச் சொன்னது இது. மேசையில் இரண்டு லாச்சிகள். வாடிக்கையாளர் பிராங்கில் தருவார், மிச்சத்தை யூரோவில் கொடுக்க வேண்டும். வாங்கிய பிராங் திரும்ப வெளியே போகக் கூடாது, அதுதான் கட்டளை. 50 பிராங் தந்தவருக்கு 38 பிராங் சாப்பாட்டின் மிச்சத்தை யூரோச் சதத்தில் எண்ணிக் கொடுப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். முதல் வாரம் முழுவதும் இரவில் நித்திரையிலும் ஆறு தசம் ஐந்து ஐந்து என்று வகுத்துக்கொண்டிருந்தாராம். பெப்ரவரி 17 உடன் பிரான்ஸில் பிராங் செல்லாததாயிற்று. மாத முடிவோடு 12 நாடுகளிலும் பழைய காசின் காலம் முடிந்தது. உலகம் அதுவரை கண்டிராத அளவு பெரிய நாணய மாற்றம், வேலையாகப் பார்த்தால், மிகச் சீராக நடந்தேறியது.

விலை ஏறிவிட்டது என்ற மனக்குறை மட்டும் நிலைத்துவிட்டது. கோப்பி, பாண், தலைமயிர் வெட்டும் கூலி போன்ற சின்னச் சின்ன விலைகளை மேல்நோக்கியே முழுமையாக்கினார்கள். நாளாந்தம் கொடுக்கும் விலை அதுதான் என்பதால் எல்லாமே ஏறிவிட்டதாகச் சனம் உணர்ந்தது. ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டபோது 2002ஆம் ஆண்டின் பணவீக்கத்தில் நாணய மாற்றத்தின் பங்கு 0.3 சதவீதப் புள்ளிக்குள்தான் இருந்தது. இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். வீட்டுச் செலவு பார்ப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் தொலைக்காட்சி மலிந்ததைவிட நாளாந்தம் வாங்கும் பாண் ஏறியதுதான் உறைக்கும்.

ஒரு சின்ன ஆச்சரியத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரி முதலாம் திகதி பல்கேரியா யூரோவுக்கு மாறியது; அதோடு யூரோ நாடுகள் 21. அதன் நாணயமான லெவ் மாறிய வீதம் 1.95583. அதாவது பெரியம்மாவின் மார்க் மாறிய அதே வீதம், ஆறு இலக்கமும் மாறாமல். 1990களில் வங்கிகள் விழுந்து பணவீக்கம் நாட்டையே அரித்தபோது பல்கேரியா 1997இல் தன் நாணயத்தை மார்க்கோடு கட்டியது. பின்பு மூன்று பூச்சியங்களை வெட்டி ஒரு லெவ் ஒரு மார்க் என்று ஆக்கியது. மார்க் மறைந்த பிறகும் கட்டு அவிழவில்லை. ஏறக்குறைய 29 வருடங்கள் ஒரே வீதத்தைக் காத்துக்கொண்டிருந்துதான் உள்ளே போனது. பொது நாணயத்துக்கு மாறுவது எவ்வளவு நீண்ட விரதம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

கொடுத்துவிடும் இரண்டு சாவிகள்

தாளும் குற்றியும் மாறுவது பார்வைக்குத் தெரியும் பகுதி. தெரியாத பகுதி இது: சொந்த நாணயம் உள்ள நாட்டின் மத்திய வங்கியிடம் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று நாணயமாற்று வீதம், மற்றது வட்டி வீதம். பொது நாணயத்தில் சேரும் அன்று இரண்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். யூரோவைப் பொறுத்தவரை சாவிகள் பிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியிடம் இருக்கின்றன.

முதலாவது சாவியை நமக்குத் தெரிந்த கஷ்டத்தை வைத்தே பார்க்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அது மத்திய வங்கி பிடித்து வைத்திருந்த வீதம். வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசை மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். பிடி விட்டதும் மே மாதத்தில் டொலர் 360 ரூபாய். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஓர் ஆசிரியரின் சம்பளப் பட்டியலில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் வாங்கக்கூடிய அரிசியும் பால்மாவும் பாதிக்கு அருகே குறைந்தன. யாருடைய கையெழுத்தும் இல்லாமல் ஒரு நாடு முழுவதற்கும் சம்பளம் வெட்டப்பட்டது. நாணயத்தின் பெறுமதி இறங்குவது என்றால் இதுதான்.

கிரேக்கத்துக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. 2009 இறுதியில் அதன் உண்மையான பற்றாக்குறை வெளிவந்தபோது கடன் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். சொந்த நாணயம் இருந்திருந்தால் அது சரிந்திருக்கும். சுற்றுலாவும் ஏற்றுமதியும் மலிந்து மெல்ல மூச்சு வந்திருக்கும். யூரோ சரியவில்லை, ஏனென்றால் அது ஜேர்மனிக்கும் உரிய காசு. எனவே கிரேக்கத்தில் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் பெயர் சொல்லி, சட்டம் போட்டு, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியதாயிற்று. 2012இல் ஆகக் குறைந்த சம்பளம் 22 சதவீதம் குறைக்கப்பட்டது. 2013இல் உழைக்க வந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் வேலையில்லை. பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2015 கோடையில் வங்கிகள் மூடி, தானியங்கி இயந்திரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ என்று கட்டுப்பாடு விதித்தபோது, வரிசையில் நின்ற வயோதிபர்களின் படங்களைப் பார்த்து எனக்கு நம்முடைய வரிசைகள் ஞாபகம் வந்தன.

எது மேல்? நேர்மையாகச் சொன்னால் இரண்டும் வலி. ரூபாயின் சரிவு ஒரு மாதத்தில் எல்லோரையும் அடித்தது, பிறகு மெல்லத் தணிந்தது. கிரேக்கத்தின் வலி ஏழெட்டு வருடங்கள் நீண்டது. ஆனால் வங்கியில் யூரோ வைத்திருந்தவரின் சேமிப்பு பெறுமதி இழக்கவில்லை. வேலை இழந்தவருக்குச் சொந்த நாணயம் நல்லது, சேமித்து வைத்தவருக்குப் பொது நாணயம் நல்லது என்று ஓரளவு சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் இதன் பிளவு வீட்டுக்கு வீடு தெரிந்தது. பிரான்ஸில் ஒரு பிள்ளை இருந்து மாதம் 100 யூரோ அனுப்பிய வீட்டுக்கு மார்ச் தொடக்கத்தில் 22,000 ரூபாய் அளவில் வந்தது, மே மாதத்தில் 37,000க்கு மேல் வந்தது. அதே ஒழுங்கையில் வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத வீட்டில் அடைவுக்குப் போகாத நகை மிஞ்சவில்லை.

இரண்டாவது சாவியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. என் எண்ணத்தில் அதுதான் கூடுதலாக நோகச் செய்வது. ஐரோப்பிய மத்திய வங்கி 2003 நடுப்பகுதியிலிருந்து 2005 இறுதி வரை முக்கிய வட்டி வீதத்தை 2 சதவீதத்தில் வைத்திருந்தது. சோர்ந்து கிடந்த ஜேர்மனிக்கு அது பொருத்தமான மருந்து. வீட்டு விலைகள் கொதித்துக்கொண்டிருந்த அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். ஒரே மருந்து, வெவ்வேறு நோயாளிகள். கொதிப்பு வெடித்தபோது அந்த நாடுகளின் வங்கிகளும் வேலைகளும் சேர்ந்து விழுந்தன.

நாமும் ஓர் ஓரம்

கனடாவில் பிறந்த பொருளியல் அறிஞர் ராபர்ட் மண்டெல் 1961இல் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு நாணயம் எவ்வளவு பரப்புக்குப் பொருந்தும்? நாட்டின் எல்லைதான் நாணயத்தின் எல்லையாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவரும் அவர் வழியில் வந்தவர்களும் சொன்ன விடையைச் சுருக்கினால் இப்படி வரும். ஒரு பகுதி விழுந்து மறு பகுதி எழும்போது, விழுந்த பகுதியின் ஆட்கள் எழுந்த பகுதிக்கு வேலை தேடிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். அல்லது எழுந்த பகுதியின் வரிப்பணம் விழுந்த பகுதிக்கு வர வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் ஒரே காசு வைத்தால் விழுந்தவன் விழுந்தபடியே கிடப்பான்.

இப்போது யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். வட்டி வீதம் கொழும்பில் முடிவாகிறது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகளால் உயர்த்தியது. கடன் கொடுக்கும் வீதம் 14.5 சதவீதமாயிற்று. நாட்டின் டொலர் கையிருப்பு தீர்ந்ததற்கு அது மருந்து. கோப்பாயில் சின்ன வெங்காயம் செய்த கமக்காரர் டொலரையும் தீர்க்கவில்லை, கடனையும் கூட்டவில்லை. ஆனால் விதைக்கும் கூலிக்கும் நகையை அடைவு வைத்தபோது புதிய வட்டியை அவர்தான் கட்டினார். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. கிணற்று இறைப்பு இயந்திரத்துக்கும் குருநகரின் படகுக்கும் அதே எண்ணெய்தான். ஓர் எல்லைப் பகுதிக்குத் தனி வீதம் வைக்க மத்திய வங்கியால் முடியாது. ஒரு காசு என்றால் ஒரு வீதம்.

பொது நாணயம் விலையையும் ஒன்றாக்கும் என்று பாடப் புத்தகம் சொல்லும். அது பொருள் நடமாடும் வரைக்கும்தான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொழும்பிலும் இங்கும் புழங்கியது ஒரே இலங்கை ரூபாய். ஆனால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் இங்கே வேறோர் உலகத்தின் விலையில் விற்றன. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த தலைமுறை அது; மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலை ஊதிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது அதே கதை திரும்ப வந்தது. சங்கக்கடை வரிசையில் அட்டையோடு நான் நின்றிருக்கிறேன். பாதை இல்லாவிட்டால் ஒரே காசு ஒரே சந்தை ஆகாது.

அப்படியிருந்தும் இந்தக் குடா உயிரோடு இருந்ததற்குக் காரணம் மண்டெலின் வழியில் வந்தவர்கள் சொன்ன அந்த இரண்டும்தான். யுத்தம் நடந்தபோதும் ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர் சம்பளமும் ஓய்வூதியமும் திறைசேரியிலிருந்து வந்துகொண்டிருந்தன. புலிகளின் நிர்வாகம் தனி வங்கி, தனி நீதிமன்றம் என்று வைத்திருந்த வன்னிக்குள்ளும் வந்தன, அங்கே கையில் புழங்கியதும் இலங்கை ரூபாய்தான். மற்றது, ஆட்கள் போனார்கள். வெள்ளவத்தைக்குப் போனார்கள், பிறகு கடல் கடந்து போனார்கள். பொதுப் பணப்பையும் போகக்கூடிய வழியும் இருந்தபடியால் பொது நாணயம் நம்மை முழுதாக முறிக்கவில்லை.

இதே பாடத்தை நம் ஆட்கள் ஜேர்மனியிலும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1980களில் கிழக்கு பேர்ளினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்ளினுக்குக் கடந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கடந்த அந்தக் கிழக்கு ஜேர்மனி 1990 ஜூலை முதலாம் திகதி மேற்கின் மார்க்குக்கு மாறியது. சம்பளம் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். வளர்ந்தவரின் சேமிப்பில் 4,000 மார்க் வரைக்கும் ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. மனிதாபிமானம் அதில் இருந்தது. ஆனால் மேற்கின் சம்பளத்தை மேற்கின் வலுவான காசில் கொடுக்கக் கிழக்கின் பழைய ஆலைகளால் முடியவில்லை; வரிசையாக மூடுண்டன. கிரேக்கத்துக்கு நேர்ந்ததைப் போன்ற அடிதான். வித்தியாசம் பணப்பையில். மேற்கு ஜேர்மனியின் வரிப்பணம் ஆண்டுக்கணக்காகக் கிழக்கே பாய்ந்தது, கிழக்கின் இளைஞர்கள் மேற்கே போனார்கள், மொழியும் ஒன்று. கிரேக்கத்துக்கு அப்படி ஒரு பணப்பை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டம் முழுவதும் சேர்ந்து அந்த நாடுகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றளவுதான். 2020இல் கொரோனாவின்போது 750 பில்லியன் யூரோவைக் கூட்டாகக் கடன் வாங்கிப் பகிர்ந்தார்கள். யூரோ நோட்டு கைக்கு வந்து 18 வருடங்களுக்குப் பிறகுதான் பையைத் தைக்கத் தொடங்கினார்கள் என்று நான் அதைப் பார்க்கிறேன்.

இந்திய ரூபாய் நமக்குப் புதிதல்ல

சந்தைப் பேச்சுக்கு வருகிறேன். இந்திய ரூபாயோடு சேர்ந்தால் என்ன என்று கேட்பவர்களில் பலருக்கு, இந்தத் தீவு ஏற்கனவே அப்படித்தான் இருந்தது என்பது தெரியாது. அதற்கும் முன்பு நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த காசை வெளியிட்டார்கள். அதே காசுகள் இராமநாதபுரக் கரையிலும் கண்டெடுக்கப்படுகின்றன. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே காசு புழங்குவது நம் கடலுக்குப் பழக்கமான காட்சி.

பிரித்தானியர் காலத்தில், 1872இல், பவுண்–சிலிங் கணக்கை விட்டு ரூபாய்–சதம் கணக்குக்கு இலங்கை மாறியது. அடிப்படை நாணயம் இந்திய வெள்ளி ரூபாய். 1884இல் இலங்கையில் நோட்டு வெளியிட்ட ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டை வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். அரசு அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு சட்டம் இயற்றி நோட்டு அச்சிடும் உரிமையை அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு இருந்தது நாணயச் சபை முறை. இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஒன்று. வெளியிடும் நோட்டுக்கு ஈடு கையிருப்பில் இருந்தாக வேண்டும். கொழும்பில் யாரும் வட்டி வீதத்தை முடிவு செய்யவில்லை. தேயிலை விலை ஏறினால் நாட்டில் காசு பெருகும், விழுந்தால் காசு வற்றும், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு சாவிகளை நம் கையில் எடுத்தோம். 1950 ஓகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறக்கப்பட்டது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். அதன் பிறகும் இரண்டு ரூபாய்களும் 16 வருடங்கள் ஒரே பெறுமதியில் நின்றன: டொலருக்கு 4.76. 1966 ஜூன் 6இல் இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 7.50 என்று இறக்கியது. இலங்கை தன் வீதத்தை உடனே மாற்றவில்லை. அப்போது இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைவிட வலுவாக இருந்தது. இன்றைய இளைஞருக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். 1967 நவம்பரில் நாமும் இறங்கினோம். இறக்கம் இன்னும் நிற்கவில்லை. இன்று ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் வேண்டும்.

ஆகவே சாவி கையில் இருப்பது மட்டும் போதாது, அதை எப்படிப் பிடித்தோம் என்பதில் நமக்கு வெட்கப்பட நிறைய இருக்கிறது. பற்றாக்குறையை நிரப்ப நோட்டு அச்சிட்டார்கள். அச்சிட்டதின் விலையைத் தோட்டத் தொழிலாளியும் மீனவரும் ஓய்வூதியரும் கொடுத்தார்கள். பொது நாணயத்தில் சேர்ந்தால் இந்தக் கை கட்டப்படும் என்பது உண்மைதான். மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலேயே மத்திய வங்கி அரசுக்குக் கடன் கொடுக்கத் தடை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டை நாமே போட்டுக்கொள்ளவும் முடியும். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அதைத்தான் செய்கிறது. அரசுக்காக நோட்டு அச்சிடுவதை அது தடுக்கிறது. இன்னொரு நாட்டின் காசை விரும்புகிறவர்கள் இந்தச் சட்டத்தை யாரும் தளர்த்தாமல் காவல் காக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வேண்டிய ஒழுக்கத்தில் பெரும் பகுதி அதில் இருக்கிறது, சாவியும் வீட்டிலேயே இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ முறையில் இங்கே பணம் செலுத்தும் வசதி தொடங்கியது. நல்லூரில் இந்தியப் பயணி ஒருவர் கைபேசியால் காசு கட்டுவது வியாபார வசதி; அதற்கு நான் முழு ஆதரவு. ஆனால் அது பொது நாணயம் அல்ல. பொது நாணயம் என்றால் நம் வட்டி வீதம் மும்பையில் முடிவாகும். நூற்று நாற்பது கோடி மக்களின் நிலையைப் பார்த்து எடுக்கும் அந்த முடிவில் இரண்டு கோடிக்குச் சற்று மேற்பட்டவர்கள் உள்ள தீவின் வெங்காயத் தோட்டம் எந்த வரியில் வரும்? இந்தியாவின் வரிப்பணம் இங்கே பாய ஒரு பணப்பை கிடையாது. இங்கே விழுந்தவர் சென்னைக்குப் போய் உரிமையோடு வேலை செய்ய வழி கிடையாது. கொழும்போடு உள்ள பொது நாணயத்தில் நமக்குக் குறைவாகவேனும் கிடைக்கும் இரண்டும் அங்கே அறவே இல்லை. 2003இல் வாஜ்பாய் தெற்காசியாவுக்கு ஒரே நாணயம் வரலாம் என்று சொன்னபோது திறந்த எல்லைகளையும் சேர்த்தே சொன்னார். அந்த வரிசை முக்கியம். எல்லை திறக்காமல் காசை மட்டும் ஒன்றாக்கினால் ஓரத்தில் இருப்பவர்தான் முதலில் நசிவார்.

நம் பழைய மலாயா ஓய்வூதியர் வீடுகளுக்குத் தெரிந்த இன்னொரு வழியும் உண்டு. மலாயா, சிங்கப்பூர், புருணை எல்லாம் ஒரே டொலரில் இருந்து 1967இல் பிரிந்தன. சிங்கப்பூரும் புருணையும் மட்டும் தத்தம் நாணயத்தை வைத்துக்கொண்டே இன்றுவரை ஒன்றுக்கு ஒன்று என்று ஏற்றுக்கொள்கின்றன. மலேசியா 1973இல் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. பெரிய சேதம் எதுவும் இல்லாமல் விலக முடிந்தது, ஏனென்றால் அதனிடம் சொந்த நோட்டும் சொந்த வங்கியும் இருந்தன. 2015இல் கிரேக்கத்துக்கு அந்த வாசல் இல்லை. வெளியே போவதென்றால் இல்லாத ஒரு காசை முதலில் அச்சிட வேண்டும்.

தகரத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட தகரங்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கும். மார்க் தாளும் குற்றியும் இன்றும் மாறும். ஆஸ்திரியாவின் ஷில்லிங்கும் அயர்லாந்துப் பவுணும் மாறும். பெல்ஜியம் பிராங்கில் தாள் மட்டும் மாறும். நெதர்லாந்தின் கில்டர் தாளுக்கு 2032 ஜனவரி முதலாம் திகதி வரை காலம் இருக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம், பின்லாந்து ஆகியவற்றின் பழைய காசுக்குக் காலம் முடிந்துவிட்டது. சுவிஸ் பிராங், நோர்வே, டென்மார்க் குரோனர், இலண்டன் பவுண் எல்லாம் யூரோவில் சேராதவை; அவற்றின் பழைய தாள்களுக்கு அந்தந்த மத்திய வங்கியின் விதிகள் தனி. மாற்றும் வேலையை அந்த நாட்டில் இருக்கும் உறவினர் அங்குள்ள மத்திய வங்கியில் நேரே செய்வதுதான் பாதுகாப்பு.

பெரியம்மாவின் நூறு மார்க்கை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பேரன் கொண்டுபோனான். ஒரு மாதம் கழித்து 51 யூரோவை அனுப்பியிருந்தான். பதின்மூன்று சதத்தைத் தனக்குக் கூலியாக எடுத்துக்கொண்டதாகத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான். இருநூறு பிராங் அடைவுச் சிட்டைகளோடு தகரத்துக்குள்ளேயே இருக்கிறது.